ஸாட்டிவா: பயிர்ப் பெயர்களில் வழங்கும் ஒரு லத்தீன் அடைமொழி

நெல்லுக்கு ஒரைஸா ஸாட்டிவா என்றும், வெள்ளைப் பூண்டுக்கு அல்லியம் ஸாட்டிவம் என்றும், முள்ளங்கிக்கு ரஃபானஸ் ஸாட்டிவஸ் என்றும் தாவர சாஸ்திரிகள் பெயர் வழங்குகின்றனர். பயிர் நூல்களிலும், விதை பற்றிய விதிகளிலும், பூச்சி நோய்களைக் குறித்த பிரசுரங்களிலும் இப்பெயர்கள் அடிக்கடி வருகின்றன. இவை பண்டிதர்களுக்கே உரியவை, கழனிக்கு வேண்டாதவை என்று எண்ணி விட்டுவிடுவோர் பலர். ஸாட்டிவா என்பது ஒரு ரகம், ஸாட்டிவம் என்பது மற்றொரு ரகம் என்று மயங்குவோரும் உளர். உண்மையில் இம்மூன்றும் ஒரே சொல்லின் மூன்று வடிவங்களாம். இச்சொல்லின் பொருளும் அது மாறும் முறையும் விளங்கிவிட்டால், பயிர்ப் பெயர்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு விளங்கிவிடும். அப்பெயர்களை எவ்வளவு தூரம் நம்பலாம், எவ்விடத்தில் நம்பி ஏமாறலாகாது என்பதும் புலப்படும்.

சொல்லின் பிறப்பும் பொருளும்

லத்தீன் என்பது பண்டை ரோமாபுரியில் வழங்கிய பாஷை. அதில் 'ஸேரோ' என்றால் 'விதைக்கிறேன்' என்று பொருள். 'ஸாட்டஸ்' என்றால் 'விதைக்கப்பட்டது' என்று பொருள். இவ்வடியிலிருந்து பிறந்த அடைமொழியே ஸாட்டிவஸ் என்பது. 'விதைத்துப் பயிர் செய்யப்படுவது' என்பது அதன் பொருள். வித்தைக் குறிக்கும் 'ஸேமென்' என்ற சொல்லும் இதே வேரில் தோன்றியது. இக்காலத்தில் ஆங்கிலத்தின் வழியாக நம் பேச்சில் கலந்துவிட்ட 'சீசன்' என்ற சொல், லத்தீனில் விதைப்பைக் குறித்த 'ஸாட்டியோ' என்பதன் வழி வந்தது. அறிஞர் கூடிப் பேசும் 'செமினார்' என்பதும், நாற்றங்காலைக் குறித்த 'ஸெமினாரியம்' என்னும் சொல்லே ஆகும். உழவுத் தொழிலிலிருந்து பிறந்த சொற்கள் ஊர் முழுதும் பரவுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்.

பிளினி முதலிய ரோமானிய ஆசிரியர்கள், தோட்டத்தில் பயிராகும் செடியை ஸாட்டிவஸ் என்றும், அதன் இனமாய்க் காட்டில் தானே வளர்வதை ஸில்வெஸ்ட்ரிஸ் என்றும் பிரித்துக் கூறினர். தமிழில் பயிர்ச்செடிக்கு அடைமொழி சேர்ப்பதில்லை. காட்டில் வளர்வதற்கே பேய்ப்புடல், பேய்ச்சுரை, காட்டாமணக்கு என அடைமொழி தருகிறோம். லத்தீனில் இரண்டுக்கும் அடைமொழி உண்டு.

ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியான கார்ல் லின்னேயஸ் என்பவர் 1753-ஆம் ஆண்டில் 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அதற்கு முன் ஒரு செடியைக் குறிக்க ஒரு நீண்ட வாக்கியமே எழுதவேண்டியிருந்தது. லின்னேயஸ் அவ்வழக்கத்தை மாற்றி, ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொற்களால் ஆகிய பெயரை அமைத்தார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாவது சொல் அப்பேரினத்தில் அடங்கிய இனத்தையும் காட்டும். குடும்பப் பெயரும் இயற்பெயரும் சேர்ந்து ஓர் ஆளைக் குறிப்பதைப் போன்றது இது. பயிராக்கப்படும் செடிகள் பலவற்றுக்கு அவர் பழைய ரோமானியச் சொல்லாகிய ஸாட்டிவஸ் என்பதையே இரண்டாவது சொல்லாக வைத்தார். நெல், பூண்டு, முள்ளங்கி, வெள்ளரி, கொத்தமல்லி, பட்டாணி, குதிரைமசால் ஆகிய யாவும் அந்நூலில் அவ்வாறு பெயர் பெற்றவையே.

'விதைக்கப்படுவது' என்ற பொருளை எழுத்துக்கு எழுத்து கொள்ளலாகாது. பூண்டைப் பல் ஊன்றியே பயிர் செய்கிறோம். காஷ்மீரத்தில் பாம்பூர்ப் பக்கங்களில் பயிராகும் குங்குமப்பூவின் பெயர் குரோக்கஸ் ஸாட்டிவஸ். அச்செடியோ விதையே பிடிப்பதில்லை. அதன் கிழங்கைப் பிரித்து நட்டே பெருக்கவேண்டும். ஆகையால், 'மனிதன் கைப்பட்டுப் பயிராவது' என்று பொதுப்படப் பொருள் கொள்வதே தகும்.

மூன்று பால்கள்

தமிழில் 'நல்ல' என்னும் சொல் எந்தப் பெயரின் முன் வந்தாலும் மாறுவதில்லை. நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரம் என்கிறோம். லத்தீனில் அவ்வாறன்று. பெயர் எந்தப் பாலோ அந்தப் பாலுக்கு ஏற்ப அடைமொழியின் ஈறும் மாறவேண்டும். ஆண்பாலுக்கு 'அஸ்', பெண்பாலுக்கு 'ஆ', நபும்ஸகத்துக்கு 'அம்' என்பன அவ்வீறுகள். ஸம்ஸ்கிருதம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. புதியது என்னும் பொருளில் அங்கே நவ:, நவா, நவம் என்று வருவது, லத்தீனில் நோவஸ், நோவா, நோவம் என்று வரும். இவ்விரு பாஷைகளும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை.

தமிழில் பால் என்பது பொருளைப் பற்றியது. லத்தீனில் அது சொல்லைப் பற்றியது. ஸம்ஸ்கிருதத்தில் மனைவியைக் குறிக்கும் தாரம் ஆண்பாலாகவும், பார்யை பெண்பாலாகவும், களத்திரம் நபும்ஸகமாகவும் இருப்பதைப் போல, லத்தீனில் நெல்லைக் குறிக்கும் சொல் பெண்பால், பூண்டைக் குறிக்கும் சொல் நபும்ஸகம், முள்ளங்கியைக் குறிக்கும் சொல் ஆண்பால். இதற்கும் அச்செடிகளில் ஆண்பூ, பெண்பூ என்று இருப்பதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஸாட்டிவா என்று இருப்பதால் அது பெண்செடி என்று கொள்வது பெரும் பிழையாகும்.

நம் நாட்டில் காணும் செடிகளை அவ்வப் பாலில் பின்வருமாறு தொகுத்துக் காணலாம்.

ஆண்பால்: ரஃபானஸ் ஸாட்டிவஸ் (முள்ளங்கி), குகுமிஸ் ஸாட்டிவஸ் (வெள்ளரி), குரோக்கஸ் ஸாட்டிவஸ் (குங்குமப்பூ), லத்தைரஸ் ஸாட்டிவஸ் (கேசரிப் பருப்பு).

பெண்பால்: ஒரைஸா ஸாட்டிவா (நெல்), மெடிகாகோ ஸாட்டிவா (குதிரைமசால்), நைஜெல்லா ஸாட்டிவா (கருஞ்சீரகம்), அவேனா ஸாட்டிவா (ஓட்ஸ்), கன்னாபிஸ் ஸாட்டிவா (கஞ்சா).

நபும்ஸகம்: அல்லியம் ஸாட்டிவம் (வெள்ளைப் பூண்டு), கொரியாண்ட்ரம் ஸாட்டிவம் (கொத்தமல்லி), பைஸம் ஸாட்டிவம் (பட்டாணி).

குகுமிஸ், கன்னாபிஸ் இரண்டும் 'இஸ்' என்றே முடிந்தாலும் ஒன்று ஆண்பால், மற்றொன்று பெண்பால். ஆகவே முதற்சொல்லின் ஈற்றை மட்டும் கண்டு பாலை எப்போதும் தீர்மானிக்க இயலாது. இரண்டாவது சொல்லின் ஈறே பாலைக் காட்டிக்கொடுக்கும்.

மரங்களைப் பற்றிய ஒரு விசேஷமும் அறியத்தக்கது. புளியமரத்தின் பெயர் டமாரிண்டஸ் இண்டிகா. முதற்சொல் 'அஸ்' என்று ஆண்பால் போல முடிந்தும், அடைமொழி 'ஆ' என்று பெண்பாலில் நிற்கிறது. பண்டை ரோமானியர் மரங்களைப் பெண்பாலாகவே வழங்கினர். தாவர சாஸ்திரிகளும் அவ்வழக்கைப் பின்பற்றினர். இந்தியாவுக்கு உரியது என்னும் பொருளுடைய இவ்வடைமொழியும் மூன்று பாலிலும் வருவதைக் காணலாம். மாவுக்கு மாஞ்சிஃபெரா இண்டிகா, வேம்புக்கு அஸாடிராக்டா இண்டிகா, எள்ளுக்கு ஸெஸாமம் இண்டிகம், நம் நாட்டுத் திமில் மாட்டுக்கு போஸ் இண்டிகஸ் என்பன பெயர்கள். துவரைக்குப் பழைய நூல்களில் கஜானஸ் இண்டிகஸ் என்ற பெயர் காணப்படும். இப்போது அது கஜானஸ் கஜான் எனப்படுகிறது.

எல்லா அடைமொழிகளும் இம்மூன்று ஈறுகளையே பெறும் என்பதும் இல்லை. 'பொதுவானது' என்று பொருள்படும் வல்காரிஸ் என்பது ஆண்பாலிலும் பெண்பாலிலும் ஒன்றாகவே நின்று, நபும்ஸகத்தில் மட்டும் வல்காரே என்றாகும். பீன்ஸ் ஃபேஸியோலஸ் வல்காரிஸ். பீட்ரூட் பீட்டா வல்காரிஸ். வாற்கோதுமை ஹோர்டியம் வல்காரே. 'இரு நிறமுடையது' என்னும் பைகலர் மூன்று பாலிலும் மாறாது. சோளத்தின் பெயராகிய ஸோர்கம் பைகலர் அதற்கு உதாரணம்.

வேற்றுமை உருபுகள்

தமிழில் 'நல்ல மரத்தை' என்னும்போது உருபு பெயரோடு மட்டும் சேருகிறது. லத்தீனில் பெயரும் அடைமொழியும் ஆகிய இரண்டும் உருபேற்கும். ஸாட்டிவஸ் என்பது ஒருமையில் ஆண்பால், பெண்பால், நபும்ஸகம் என்ற முறையே மாறுவது வருமாறு:

எழுவாய்: ஸாட்டிவஸ், ஸாட்டிவா, ஸாட்டிவம்.
இரண்டாம் வேற்றுமை (ஐ): ஸாட்டிவம், ஸாட்டிவாம், ஸாட்டிவம்.
நான்காம் வேற்றுமை (கு): ஸாட்டிவோ, ஸாட்டிவே, ஸாட்டிவோ.
ஆறாம் வேற்றுமை (உடைய): ஸாட்டிவி, ஸாட்டிவே, ஸாட்டிவி.
மூன்றாம், ஐந்தாம் வேற்றுமைகள் (ஆல், இன்): ஸாட்டிவோ, ஸாட்டிவா, ஸாட்டிவோ.

பன்மையில் எழுவாய் ஸாட்டிவி, ஸாட்டிவே, ஸாட்டிவா என்றும், இரண்டாம் வேற்றுமை ஸாட்டிவோஸ், ஸாட்டிவாஸ், ஸாட்டிவா என்றும், ஆறாம் வேற்றுமை ஸாட்டிவோரம், ஸாட்டிவாரம், ஸாட்டிவோரம் என்றும் வரும். ஏனைய வேற்றுமைகளில் மூன்று பாலுக்கும் ஸாட்டிவிஸ் என்ற ஒரே வடிவம் நிற்கும்.

இவற்றில் எழுவாயும் ஆறாம் வேற்றுமையும் தவிர மற்றவை பயிர்ப் பெயர்களில் வருவதில்லை. ஆறாம் வேற்றுமையோ உழவர்க்கு மிகவும் பழக்கமான இடங்களில் வருகிறது. ஒரைஸா என்பதன் ஆறாம் வேற்றுமை ஒரைஸே. 'நெல்லினுடைய' என்று பொருள். குருத்தை வெள்ளிக் குழல்போல் ஆக்கும் ஆனைக்கொம்பனுக்கு ஓர்ஸியோலியா ஒரைஸே என்று பெயர். சேமித்த அரிசியைத் துளைக்கும் கூன்வண்டுக்கு ஸைட்டோஃபிலஸ் ஒரைஸே என்று பெயர். நெற்பயிரின் பாக்டீரியா இலைக்கருகலுக்குக் காரணமான கிருமி ஸாந்தோமோனாஸ் ஒரைஸே எனப்படும். ஆகவே பூச்சி அல்லது நோயின் பெயரில் ஒரைஸே என்ற சொல்லைக் கண்டால், அது நெல்லோடு சம்பந்தப்பட்டது என்று உடனே அறியலாம். இது அடைமொழியன்று, உருபேற்ற பெயர்ச்சொல். ஆதலால் முதற்சொல் எந்தப் பாலாயினும் இது மாறாது நிற்கும்.

அடைமொழியும் பெயரும் சேர்ந்து உருபேற்பதற்கு ஓர் உதாரணம்: உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட மருந்துச் செடிகளைப் பற்றிய நூலில், பூண்டு 'புல்பஸ் அல்லியி ஸாட்டிவி' என்ற தலைப்பில் கூறப்பட்டுள்ளது. அல்லியம் ஸாட்டிவத்தினுடைய கிழங்கு என்பது அதன் பொருள். கரும்பின் பெயராகிய ஸக்காரம் ஆஃபிஸினாரம் என்பதில் இரண்டாவது சொல் பன்மை ஆறாம் வேற்றுமை. 'மருந்துச் சாலைகளின்' என்று பொருள். ஐரோப்பாவில் சர்க்கரை முற்காலத்தில் மருந்துச் சரக்காக விற்கப்பட்டதை அப்பெயர் நினைவூட்டுகிறது.

ஈறு மாறினும் பயிர் மாறாது

ஆராய்ச்சி வளர வளர, சில செடிகளை ஒரு பேரினத்திலிருந்து எடுத்து மற்றொன்றில் சேர்க்கவேண்டியதாகிறது. அப்போது இரண்டாவது சொல் பெரும்பாலும் அப்படியே பின்தொடரும். ஆனால் புதிய பேரினத்தின் பாலுக்கு ஏற்ப அதன் ஈறு மாறும். பழைய நூலையும் புதிய நூலையும் ஒப்பிட்டுப் பார்ப்போர் இதனை அறியாவிடில், ஒரே பயிரை இரண்டாக எண்ணிவிடுவர்.

பாசிப்பயறு முன்னர் ஃபேஸியோலஸ் ரேடியாட்டஸ் என்று ஆண்பாலில் இருந்தது. இப்போது விக்னா ரேடியாட்டா என்று பெண்பாலில் வழங்குகிறது. கொள்ளுக்கு டாலிகோஸ் யூனிஃப்ளோரஸ் என்றிருந்த பெயர் மாக்ரோடைலோமா யூனிஃப்ளோரம் என்றாயிற்று. தினைக்கு லின்னேயஸ் இட்ட பெயர் பானிகம் இட்டாலிகம். இப்போது அது ஸெட்டேரியா இட்டாலிகா. மூன்றிலும் பயிர் பழைய பயிரே. கழனியில் ஒரு மாற்றமும் இல்லை.

ஈற்றில் பிழை நேர்ந்தாலும் அவ்வாறே. தாவரப் பெயர்களுக்கான சர்வதேச விதிகளின்படி, அடைமொழி பேரினப் பெயரின் பாலோடு பொருந்தவேண்டும். பொருந்தாது எழுதப்பட்டிருந்தால் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். யாரேனும் ஒரைஸா ஸாட்டிவம் என்று எழுதியிருந்தால், அது புதியதொரு நெல்லன்று, எழுத்துப் பிழையே. அதே விதிகளின்படி, 1935 முதல் 2011 முடிய, புதிதாகக் கண்ட செடியின் இலக்கணத்தையும் லத்தீனிலேயே எழுதவேண்டியிருந்தது. 2012-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றாயிற்று. பெயர்கள் மட்டும் இன்றும் லத்தீன் முறையிலேயே அமைகின்றன.

ஒரு பேரினத்துக்குள் ஒரே அடைமொழி இரண்டு இனங்களுக்கு இருத்தலாகாது என்பதும் விதி. பட்டாணியை லத்தைரஸ் பேரினத்தோடு சேர்க்க வேண்டும் என்று கொள்ளும் சாஸ்திரிகள், அதனை லத்தைரஸ் ஸாட்டிவஸ் என்று அழைக்க இயலவில்லை. கேசரிப் பருப்பு அப்பெயரை முன்னமே பெற்றுவிட்டது. ஆதலின் பட்டாணிக்கு லத்தைரஸ் ஓலரேஸியஸ் என்ற பெயரைக் கொண்டனர். விவசாய நூல்களில் பைஸம் ஸாட்டிவம் என்ற பெயரே பெரிதும் வழங்குகிறது.

இவ்விடத்தில் மற்றொரு மயக்கத்தையும் குறிப்பிடுவது அவசியம். விக்னா முங்கோ என்ற பெயரைக் கண்டவுடன், வடநாட்டார் 'மூங்' என்று சொல்லும் பாசிப்பயறு என்று எண்ணத் தோன்றும். அது தவறு. விக்னா முங்கோ என்பது உளுந்து. பாசிப்பயறு விக்னா ரேடியாட்டா. ஒலி ஒற்றுமையை நம்பி விதைக்கோ மருந்துக்கோ எழுதுபவர் ஒன்று கேட்டு மற்றொன்று பெறுவர்.

சொல் உறுதி கூறாதவை

ஸாட்டிவா என்றால் பயிர் செய்யப்படுவது என்பதே பொருள். உண்ணத் தக்கது என்பது பொருளன்று. இதனை உணராமையால் வரும் தீங்கு சிறிதன்று.

லத்தைரஸ் ஸாட்டிவஸ் என்னும் கேசரிப் பருப்பு மத்திய இந்தியாவிலும், பீகார், வங்காளப் பகுதிகளிலும் நெடுங்காலமாகப் பயிராகி வருகிறது. நம் பக்கத்தில் நெல் அறுவடைக்கு முன் ஈரத்தில் உளுந்து தெளிப்பதைப் போல, அங்கே நிற்கும் நெற்பயிரினூடே இதனைத் தெளித்துவிடுவர். அதற்கு உடேரா என்று பெயர். இப்பயிர் வறட்சியையும் தாங்கும், நீர் தேங்குவதையும் தாங்கும். மற்றப் பயிர்கள் கருகிப்போன பஞ்ச காலத்தில் இதுவொன்றே மிஞ்சி நிற்கும். அக்காலத்தில் ஏழை மக்கள் மாதக்கணக்கில் இதனையே முக்கிய ஆகாரமாகக் கொள்ள, இதிலுள்ள ஓ.டி.ஏ.பி. என்னும் நச்சுப்பொருளால் கால்கள் விறைத்து முடங்கிப்போவதுண்டு. ஒருமுறை முடங்கிய கால் மீண்டும் பழைய நிலைக்கு வருவதில்லை. இதன் காரணமாகவே 1961-ஆம் ஆண்டில் இந்தியாவின் பல பகுதிகளில் இப்பருப்பின் விற்பனை தடை செய்யப்பட்டது. நஞ்சு குறைந்த ரத்தன், பிரதீக் முதலிய ரகங்கள் பின்னர் ஆராய்ச்சியால் கிடைத்தன. துவரம் பருப்பில் கலப்படம் செய்வதற்கு இப்பருப்பு பயன்பட்டு வந்திருக்கிறது. ஆகவே தென்னாட்டாரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

விஸியா ஸாட்டிவா என்பது கால்நடைத் தீவனத்துக்காகப் பயிராகும் ஒருவகைப் பயறு. அதன் ஒரு ரகத்தைத் தோல் நீக்கி உடைத்தால், செந்நிறமான மைசூர்ப் பருப்பைப் போலவே தோன்றும். ஆஸ்திரேலியாவிலிருந்து இவ்வாறு உடைத்த பருப்பு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகி, மைசூர்ப் பருப்புக்குப் பதிலாக மக்கள் உணவில் சேர்ந்தது. அதில் நரம்பைத் தாக்கும் நச்சுப்பொருள் உண்டு என்றும், கோழி, பன்றி முதலியவற்றுக்கே அது ஆகாது என்றும் அடிலெய்டைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1992-இல் எச்சரிக்கை செய்தனர். உண்மையான மைசூர்ப் பருப்பின் பெயர் லென்ஸ் குலினாரிஸ். குலினாரிஸ் என்றால் 'சமையலுக்கு உரியது'. பருப்பின் நிறத்தாலும் வடிவத்தாலும் பிரித்தறிய முடியாததை, மூட்டையோடு வரும் பத்திரத்தில் இரு சொற்பெயரும் எழுதப்பட்டிருக்குமாயின் எளிதில் பிரித்தறியலாம்.

மூன்றாவது உதாரணம் நெல்லைப் பற்றியது. வயலில் தானாகத் தோன்றி, கதிர் முற்றுமுன் மணிகளை உதிர்த்துவிடும் காட்டு நெல்லால் விளையும் நஷ்டம் உழவர் அறிந்ததே. இளம் பயிரில் அதனை நெல்லிலிருந்து பிரித்தறிதல் கடினம். விதைச் சான்றளிப்புக்கான நிர்ணயங்களில், நெல் விதையில் இருக்கத்தகாத களையாக அது குறிக்கப்படுகிறது. அதன் பெயரோ ஒரைஸா ஸாட்டிவா, வகை ஃபாட்டுவா என்பது. ஃபாட்டுவா என்றால் 'அறிவற்றது, சாரமற்றது' என்று பொருள். முதல் இரண்டு சொற்களும் நல்ல நெல்லுக்கும் இதற்கும் ஒன்றே. எனவே மூட்டையில் ஒரைஸா ஸாட்டிவா என்றிருப்பது, அது நெல் என்பதற்குச் சாட்சியே தவிர, நல்ல விதை என்பதற்குச் சாட்சியன்று. ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், தூய்மை, சான்று அட்டை ஆகியவற்றைத் தனியே பார்த்தே விதை வாங்க வேண்டும்.

எதிர்ச்சொற்களும் அவற்றின் மதிப்பும்

ஸாட்டிவஸ் என்பதற்கு எதிராக நிற்கும் அடைமொழிகள் பல. 'காட்டுக்கு உரியது' என்னும் ஸில்வெஸ்ட்ரிஸ் என்பதை ஈச்சமரத்தின் பெயராகிய ஃபீனிக்ஸ் ஸில்வெஸ்ட்ரிஸ் என்பதிலும், சிறுகுறிஞ்சானின் பெயராகிய ஜிம்னீமா ஸில்வெஸ்ட்ரே என்பதிலும் காணலாம். பின்னது நபும்ஸகமாதலால் 'ரே' என்று முடிகிறது. 'தானாக முளைப்பது' என்று பொருள்படும் ஸ்பொண்டேனியம் என்பது ஸக்காரம் ஸ்பொண்டேனியம் என்ற காட்டுக் கரும்பின் பெயரில் நிற்கிறது.

தானாக முளைப்பது என்பதால் அது பயனற்றது என்று கொள்ளலாகாது. 1912-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இன அபிவிருத்தி நிலையம் ஏற்பட்டது. அங்கே சார்லஸ் ஆல்பிரட் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும், வெள்ளை என்னும் கரும்போடு, ஒருவரும் பயிர் செய்யாத இந்தக் காட்டுக் கரும்பைக் கலந்து கோ 205 என்ற ரகத்தை உண்டாக்கினர். 1918-இல் அது பயிரிடுவதற்கு வழங்கப்பட்டது. வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கும் உரம் கோயம்புத்தூர் ரகங்களுக்கு அக்காட்டுக் கரும்பினால் கிடைத்தது.

நெல்லிலும் இவ்வாறே. காட்டு நெல் இனங்களுள் ஒன்று ஒரைஸா நிவாரா. முனிவர்க்கு உணவாகக் கூறப்படும் நீவாரம் என்ற தானியத்தின் ஸம்ஸ்கிருதப் பெயரே அதற்கு இடப்பட்டது. நெற்பயிரைக் குட்டையாக்கிப் புல்போல் தூர்விடச் செய்யும் ஒரு வைரஸ் நோயை எதிர்க்கும் குணம் இவ்வினத்தில் கிடைத்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அக்குணத்தை ஐ.ஆர். 36 முதலிய ரகங்களில் சேர்த்தனர். விதைக்கப்படுவதன் க்ஷேமம் விதைக்கப்படாததையும் பொறுத்திருக்கிறது என்பதை இவ்விரு உதாரணங்களும் காட்டும். ஓடைக்கரையிலும் குளக்கரையிலும் நிற்கும் காட்டு நெல்லும் காட்டுக் கரும்பும் ஆராய்ச்சியாளர்க்கு வேண்டியவை. வயலுக்குள் புகுந்த களை நெல்லைத் தவறாது களைந்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்து நடக்கவேண்டியவை பின்வருமாறு:

1. பயிரின் பெயரை எழுதும்போது இரண்டு சொற்களையும் சேர்த்தே எழுதுக. ஸாட்டிவா என்ற ஒரு சொல் மட்டும் நெல்லையும் குறிக்காது, கஞ்சாவையும் குறிக்காது. 'பயிர் செய்யப்படுவது' என்று மட்டுமே நிற்கும்.

2. அஸ், ஆ, அம் என்று ஈறு மட்டும் வேறுபட்டிருந்தால், அதனை வேறு ரகம் என்று கருதவேண்டாம். முதற்சொல்லையும் பார்த்தே முடிவு செய்க.

3. ஊர்ப் பெயரை லத்தீன் பெயரோடு சேர்த்து எழுதுக. மல்லி என்றால் ஓரிடத்தில் கொத்தமல்லி, மற்றோரிடத்தில் மல்லிகைப்பூ. கருஞ்சீரகத்தை ஆங்கிலத்தில் கறுப்புச் சீரகம் என்று சொல்வதுண்டு. வடநாட்டில் அப்பெயர் பூனியம் பெர்ஸிகம் என்ற வேறொரு செடிக்கும் வழங்குகிறது. நைஜெல்லா ஸாட்டிவா என்று எழுதிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

4. பழைய பிரசுரத்தில் ஒரு பெயரும் புதியதில் மற்றொரு பெயரும் காணப்பட்டால், இரண்டாவது சொல்லின் அடிப்பகுதியை ஒப்பிடுக. அது ஒன்றாயிருப்பின் பெரும்பாலும் பயிரும் ஒன்றே. ஐயம் இருந்தால் விவசாய அதிகாரியிடம் கேட்டறிக.

5. நோயுற்ற பயிரின் மாதிரியோ, பூச்சியோ, களையோ பரிசோதனைக்கு அனுப்பும்போது, எந்தப் பயிரில் கண்டது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுக.

6. பெயரில் ஸாட்டிவா என்றிருப்பதை உணவுக்கு உகந்தது என்றோ, நல்ல விதை என்றோ கூறும் உறுதியாகக் கொள்ளற்க. அறியாத பருப்பை மலிவைக் கருதி வாங்கி உண்ணவேண்டாம். சான்று அட்டை இல்லாத விதையைப் பெயரை மட்டும் நம்பி விதைக்கவேண்டாம்.